வேறு வார்த்தை, ஒரே கேள்வி: பொருள் ஒற்றுமையை மொழி மாடல்களால் அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுச் சித்தூர் பக்கம், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள தென்னை விவசாயிகள் வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்பார்கள். வந்திருப்பது ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியா, புதுசா என்று பிரித்துக் கொடுக்கிற வேலையை நானும் இன்னும் நாலு பேரும் செய்து வருகிறோம். பதில் எழுதுகிறவர்கள் வேளாண்மை படித்த இரண்டே பேர், அவர்களுக்கும் சொந்தத் தோட்ட வேலை இருக்கிறது, ஒரே கேள்வியை இருபது தடவை அவர்கள் முன்னால் கொண்டுபோய் வைக்கக் கூடாது என்றுதான் மொழி மாடல் (நிறைய உரையைப் படித்துப் பழகிய கம்ப்யூட்டர் நிரல்), வெக்டர் எல்லாவற்றிலும் இறங்கினோம். புதிதாகச் சேர வருகிற தம்பி தங்கைகள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே விஷயங்களைத்தான் கேட்கிறார்கள். அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

அக்கா, இது எதைத்தான் அளக்குது?

இரண்டு உரைகளைக் கொடுத்தால் அவை பொருளில் எவ்வளவு நெருக்கம் என்று ஓர் எண்ணைத் தருகிறது. எழுத்தில் எவ்வளவு நெருக்கம் என்பது அல்ல, அது வேறு கணக்கு.

"குரும்பை எல்லாம் கொட்டுது" என்று ஒருவர் எழுதுகிறார். வேலந்தாவளம் பக்கத்திலிருந்து இன்னொருவர் "மச்சிங்கா நிக்கவே மாட்டேங்குது, உதிர்ந்துருது" என்று எழுதுகிறார். குரும்பை, மச்சிங்கா இரண்டும் தென்னையின் இளம்பிஞ்சுதான், ஆனால் இரண்டு வாக்கியத்திலும் ஒரு சொல்கூடப் பொது இல்லை. தென்னை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இரண்டும் ஒரே கேள்வி என்பார்கள். அந்த "ஒரே கேள்வி"யைக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் விஷயம்.

"ஒரே பொருள்" என்று யார் முடிவு செய்வது?

இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் எங்களுக்குப் பல மாத வேலை மிச்சமாகியிருக்கும்.

ஆராய்ச்சி உலகத்தில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2012இல் செம்எவல் என்ற போட்டித் தொடரில் இதை ஒரு தனிப் பணியாக வைத்து, வாக்கிய ஜோடிகளுக்கு மனிதர்களை விட்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். அப்படியே ஒரே பொருள் என்றால் 5. முக்கியமில்லாத சின்ன விவரம் மட்டும் மாறினால் 4. முக்கியமான விவரம் ஏதாவது மாறினாலோ விட்டுப்போனாலோ 3. கொஞ்சம் விவரம் மட்டும் பொது என்றால் 2, தலைப்பு மட்டும் ஒன்று என்றால் 1, சம்பந்தமே இல்லை என்றால் 0. அந்தப் போட்டிகளில் சேர்ந்த ஜோடிகளிலிருந்து எடுத்து 2017இல் 8,628 ஆங்கில ஜோடிகள் கொண்ட ஒரு பொதுத் தேர்வுத் தொகுப்பும் வெளியானது. புது மாடல் வந்தால் இன்றைக்கும் அதில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

ஆனால் "முக்கியமான விவரம்" எது என்பதை அந்த அளவுகோல் உங்களுக்காக முடிவு செய்யாது. காண்டாமிருக வண்டையும் சிவப்புக் கூன்வண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்தில் கொம்பன் செல்லி, செம்பன் செல்லி என்றும் சொல்வார்கள். செய்தி எழுதுகிறவருக்கு இரண்டும் "தென்னையைத் தாக்கும் வண்டு", அவ்வளவுதான், இரண்டு வாக்கியத்துக்கும் 4 போட்டுவிட்டுப் போவார். தோட்டக்காரருக்கு அப்படி இல்லை. முதலாவது குருத்தைக் குடைந்து போகும், விரிந்த மட்டையில் கத்தரித்த மாதிரி வெட்டு தெரியும், எருக்குழியில் பெருகும். இரண்டாவது தண்டுக்குள்ளேயே புழுவாக இருந்து தின்னும், ஓட்டை வழியாகச் செம்பழுப்பாகச் சாறு வடியும், கவனிக்காமல் விட்டால் மரமே போய்விடும். பதில் வேறு வேறு. ஆகவே எங்கள் விதி ஒன்றே ஒன்று: ஒரே பதிலை இரண்டு பேருக்கும் அனுப்பலாமா? அனுப்பலாம் என்றால் "ஒன்று", கூடாது என்றால் வார்த்தைகள் எவ்வளவு ஒட்டியிருந்தாலும் "வேறு". நீங்கள் வேறு வேலைக்கு இதைப் பயன்படுத்தினால் உங்கள் விதியும் வேறாகத்தான் இருக்கும். அதை முதலில் ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் மாடலைத் தொடுங்கள்.

பொதுச் சொற்களை எண்ணினால் போதாதா? மாடல் எதற்கு?

எண்ணலாம், பல வேலைக்கு அது போதும். இரண்டு வாக்கியத்திலும் உள்ள பொதுச் சொற்களை மொத்தச் சொற்களால் வகுப்பது ஜக்கார்டு முறை. எல்லா இடத்திலும் வருகிற "எப்படி", "என்ன" போன்ற சொற்களுக்கு எடையைக் குறைத்து, அபூர்வமாக வருகிற "குரும்பை"க்கு எடையைக் கூட்டுவது டிஎஃப்-ஐடிஎஃப். அதில் ஐடிஎஃப் என்ற பின்பாதி யோசனையை 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் கொடுத்தார். தேடுபொறிகள் இதை வைத்துப் பல வருடம் ஓடின.

தமிழில் இது சீக்கிரம் இடறும். "மரத்துக்கு", "மரத்தில்", "மரங்களை", "மரத்தோட" எல்லாம் அந்தக் கணக்குக்கு நாலு வெவ்வேறு சொற்கள். வேர்ச்சொல் பிரிப்பான் வைத்துச் சமாளித்தாலும் குரும்பையும் மச்சிங்காவும் ஒன்று என்று அதற்குத் தெரியப் போவதில்லை. ஆனாலும் இதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மருந்துப் பெயர், ரகப் பெயர், ஊர்ப் பெயர் மாதிரி அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டியவற்றில் இந்தப் பழைய முறைதான் இன்னும் நம்பகம். நாங்கள் இரண்டையும் சேர்த்தே ஓட்டுகிறோம்.

மாடல் மட்டும் எப்படிப் பொருளைப் பிடிக்குது?

பழகுகிற இடத்தை வைத்து. "ரெண்டு ____ உடைச்சுத் துருவி வை" என்ற இடத்தில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். எந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களில் பார்த்து, ஒவ்வொரு சொல்லுக்கும் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசையைக் கொடுப்பதுதான் 2013இல் கூகுளிலிருந்து வந்த வேர்ட்டுவெக் செய்தது. அந்த எண் வரிசையைத்தான் வெக்டர் என்கிறோம். ஒரே மாதிரி இடங்களில் வருகிற சொற்களுக்குப் பக்கத்துப் பக்கத்து வெக்டர் கிடைக்கும்.

அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது, சொல் ஒன்றுக்கு வெக்டரும் ஒன்றே. "நாலு படி நெல்", "படி ஏறி வா", "நல்லா படி", "சொன்னபடி செய்" எல்லாவற்றிலும் உள்ள "படி"க்கு ஒரே இடம். 2018இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் வகை மாடல்கள் அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்துவிட்டு அந்தந்த இடத்துக்குத் தகுந்த வெக்டரைக் கொடுக்கின்றன. முதலில் வந்த இரண்டு பெர்ட்களில் சிறியதில் 12 அடுக்கு, ஒவ்வொரு சொல் துண்டுக்கும் 768 எண்கள்.

சொல்லுக்கு வெக்டர் சரி, முழு வாக்கியத்துக்கு?

எல்லாத் துண்டுகளின் வெக்டரையும் கூட்டிச் சராசரி எடுக்கலாம் என்று எல்லாருக்கும் முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது. இந்த வேலைக்கென்று தனியாகப் பயிற்சி கொடுக்காத பெர்ட்டில் அப்படிச் செய்தால் பலன் மோசம். பெர்ட்டுக்கு முந்தைய குளோவ் சொல் வெக்டர்களின் சராசரியே பல சமயம் அதைவிட நன்றாக வந்தது என்று 2019இல் டார்ம்ஸ்டாட்டைச் சேர்ந்த நில்ஸ் ரைமர்ஸும் இரினா குரேவிச்சும் காட்டினார்கள். அவர்கள் செய்த மாற்றம்தான் நாம் இன்று பயன்படுத்துவதற்கெல்லாம் அடிப்படை: ஒரே மாடலில் இரண்டு வாக்கியங்களைத் தனித்தனியாக விட்டு, பொருள் ஒன்றானால் வெக்டர்கள் நெருங்கும்படியும் வேறானால் விலகும்படியும் லட்சக்கணக்கான ஜோடிகளால் பயிற்சி கொடுத்தார்கள். சென்டென்ஸ்-பெர்ட் என்று பெயர்.

இதில் கிடைத்த வேகம் சாதாரணமில்லை. 10,000 வாக்கியங்களில் மிக நெருங்கிய ஜோடியைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு ஜோடியையும் சேர்த்துப் பெர்ட்டுக்குள் விட்டால் கிட்டத்தட்ட 5 கோடி முறை ஓட்ட வேண்டும். அதற்குச் சுமார் 65 மணி நேரம் ஆகும் என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். வாக்கியத்துக்கு ஒரு வெக்டர் எடுத்து வைத்துக்கொண்டு வெக்டர்களை மட்டும் ஒப்பிட்டால் அதே வேலை சுமார் 5 வினாடியில் முடிந்தது.

கொசைன், கொசைன் என்கிறீர்களே, அது என்ன?

இரண்டு வெக்டரும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்ற கணக்கு. 768 எண்ணை வைத்துக் காட்ட முடியாது, இரண்டு எண்ணை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒன்று (3, 4), இன்னொன்று (4, 3). நேர் நேராகப் பெருக்கிக் கூட்டினால் 12 + 12 = 24. இரண்டின் நீளமும் 5. ஆகவே 24-ஐ 25-ஆல் வகுக்க, 0.96. கிட்டத்தட்ட ஒரே திசை. (3, 4), (6, 8) இரண்டையும் போட்டால் 50-ஐ 50-ஆல் வகுத்து 1 வரும். நீளம் இரட்டிப்பானாலும் திசை மாறவில்லை, கொசைனுக்கு நீளம் பொருட்டல்ல. (3, 4), (4, -3) போட்டால் 0, செங்குத்து. ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு பயமே இருக்காது.

0.8 வந்தா ரெண்டும் ஒன்னுன்னு வெச்சுக்கலாமா?

கூடாது. அந்த எண் சதவீதம் இல்லை. ஒரு மாடலின் 0.8-க்கும் இன்னொன்றின் 0.8-க்கும் சம்பந்தமில்லை. ஈ5 என்று ஒரு வகை வாக்கிய வெக்டர் மாடல்கள் இருக்கின்றன, அவற்றில் சம்பந்தமில்லாத வாக்கியங்களுக்கே பெரும்பாலும் 0.7-க்கு மேல் வரும், மதிப்பெண்கள் 0.7-க்கும் 1-க்கும் நடுவில் குவியும் என்று வெளியிட்டவர்களே குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்த விதத்தால் வருகிற இயல்பு அது, கோளாறு இல்லை. எது முன்னால் எது பின்னால் என்ற வரிசையைத்தான் நம்ப வேண்டும். எத்தனைக்கு மேல் வந்தால் "ஒன்று" என்று வைத்துக்கொள்வது என்ற எல்லைக்கோட்டை உங்கள் சொந்த ஜோடிகளை வைத்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நம்ம ஊர்த் தமிழ் இதுக்குப் புரியுமா?

இங்கேதான் நாங்கள் ஒரு பெரியவருக்குத் தப்புப் பதில் அனுப்பினோம். இன்னும் மனதை உறுத்துகிற விஷயம், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

சித்திரை மாதம், கிணறெல்லாம் அடிமட்டத்துக்குப் போயிருந்த சமயம். "மோட்டர் போட்டா வெள்ளம் கேறல, தென்னைக்கு என்ன செய்யறது" என்று அவர் அனுப்பியிருந்தார். நமக்குத் தெரியும், இந்தப் பக்கம் மலையாளம் கலந்து பேசுகிறவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். மோட்டார் தண்ணீரை ஏற்றவில்லை, மரம் காய்கிறது, இதுதான் கேள்வி. எங்கள் தொகுப்பில் பழைய மழைக்காலக் கேள்வி ஒன்று இருந்தது: "தோட்டத்துல வெள்ளம் ஏறிருச்சு, தென்னைக்கு என்ன செய்யறது". மாடல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. மதிப்பெண் நாங்கள் வைத்திருந்த எல்லைக்கோட்டைத் தாண்டியதால் பழைய பதில் தானாகவே போய்விட்டது. வாய்க்கால் வெட்டித் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள் என்ற பதில். காய்ந்த தோட்டத்தில் நின்றுகொண்டு அவர் அதைப் படித்திருக்கிறார். மறுநாள் போன் செய்து, கோபமாகக்கூட இல்லை, "நான் எழுதினது சரியில்லையா கண்ணு" என்று கேட்டார்.

அவர் எழுதியது சரிதான். மாடல்கள் தமிழை அதிகமாகப் படித்தது விக்கிப்பீடியாவிலும் செய்தித்தளங்களிலும், அங்கே வெள்ளம் என்றால் பெருக்கு. எல்லையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு சொல்லுக்கு இரண்டு வீடு. சம்சாரம் நமக்கு மனைவி, மலையாளத்தில் பேச்சு. யோகம் நமக்கு அதிர்ஷ்டம், அங்கே கூட்டமும் யோகம்தான். "மதி" என்று எழுதினால் அறிவா, போதும் என்பதா? ஆந்திர எல்லையில், சித்தூர், புத்தூர், நகரிப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் இதே பாடுதான். நமக்கு அவசரம் என்றால் சீக்கிரம் வேண்டும் என்பது, தெலுங்கில் தேவை, மலையாளத்தில் வாய்ப்பு.

அதன் பிறகு இரண்டு காரியம் செய்தோம். இப்படிப்பட்ட இரட்டை வீட்டுச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டோம், அந்தச் சொல் வந்தால் எந்த மதிப்பெண் வந்தாலும் மனிதர் ஒருவர் பார்த்துவிட்டுத்தான் பதில் போகும். அப்புறம், அவற்றைக் கொண்ட உண்மையான ஜோடிகளைச் சேர்த்து மாடலுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்தோம். பட்டியல் உடனே பலன் தந்தது. பயிற்சிக்கு மெதுவாகத்தான் தெரிந்தது.

"இல்லை" என்று வந்தால் கண்டுபிடிக்குமா?

பெரும்பாலும் கோட்டை விடும். "ஆழியாத்துத் தண்ணி தொறந்தாச்சா", "ஆழியாத்துத் தண்ணி அடைச்சாச்சா" இரண்டும் வெக்டர் உலகத்தில் பக்கத்து வீடு, ஏனென்றால் திறப்பும் அடைப்பும் ஒரே மாதிரி இடங்களில்தான் வருகின்றன. "மாடு கண்ணு போட்டுருச்சு", "மாடு கண்ணு போடல" கதையும் அதுவே. எண்களும் அப்படித்தான், மரத்துக்கு 1 கிலோ போடலாமா, 2 கிலோ போடலாமா என்ற வித்தியாசம் அதன் கண்ணில் சரியாகப் படாது.

முதல் கட்டத்தில் வெக்டரை வைத்துப் பத்து ஜோடிகளைப் பொறுக்கி, இரண்டாம் கட்டத்தில் இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே படிக்கிற கிராஸ் என்கோடர் மாடலிடம் கொடுப்பது நல்ல வழி. இது அதிலிருந்து வருகிறதா, அதற்கு முரணா, சம்பந்தமில்லையா என்று பிரிக்கப் பயிற்சி பெற்ற மாடல்களும் உண்டு. அதற்கான பலமொழித் தொகுப்பான எக்ஸ்என்எல்ஐயின் 15 மொழிகளில் தமிழ் இல்லை. 2022இல் வந்த இண்டிக்எக்ஸ்என்எல்ஐயில் தமிழும் மலையாளமும் தெலுங்கும் இருக்கின்றன, ஆனால் அது மொழிபெயர்த்துச் செய்த தொகுப்பு, பேச்சுத் தமிழை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

எந்த மாடலை எடுப்பது?

பெயரில் "மல்டிலிங்குவல்" என்று இருப்பதைப் பார்த்து மட்டும் எடுக்காதீர்கள். மிகப் பரவலாகச் சொல்லப்படுகிற பாராஃப்ரேஸ் மல்டிலிங்குவல் மினிஎல்எம் என்ற சிறிய மாடல் ஐம்பது மொழிகளுக்கு மேல் பயிற்சி பெற்றது, ஆனால் அந்தப் பட்டியலில் இந்தி, மராத்தி, குஜராத்தி, உருது உண்டு, தமிழ் இல்லை. தமிழைக் கொடுத்தாலும் ஏதோ ஓர் எண்ணைத் தரும், அதுதான் ஆபத்து. நாங்களும் அதில்தான் தொடங்கினோம்.

கூகுளின் லேப்ஸ் (LaBSE) என்ற மாடல் 2020இல் 109 மொழிகளுக்கு வந்தது, தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் உண்டு. அது மொழிபெயர்ப்பு ஜோடிகளைக் கண்டுபிடிக்கச் செய்யப்பட்டது, ஆகவே "இதன் மலையாள வடிவம் எது" என்றால் அருமை, "இது அதற்கு ஓரளவு நெருக்கமா" என்பதில் அவ்வளவு நுணுக்கம் இல்லை. பலமொழி ஈ5, பிஜிஇ எம்3 இரண்டும் தேடல் வேலைக்கு நன்றாக இருக்கின்றன. ஈ5-இல் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "குவெரி" என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் சேர்க்க வேண்டும், மறந்தால் தரம் இறங்கும், பிழை என்று எதுவும் காட்டாது. முரில் என்ற மாடல் 16 இந்திய மொழிகளோடு ஆங்கிலமும் படித்தது, ரோமன் எழுத்தில் எழுதிய இந்திய மொழிகளையும் பார்த்திருக்கிறது, ஆனால் அது பெர்ட் மாதிரி அடிப்படை மாடல், வாக்கிய ஒற்றுமைக்கு நாமே பயிற்சி கொடுத்தால்தான் உதவும்.

மலையாளத்தில் வந்த கேள்வியைத் தமிழ்க் கேள்வியோடு நேராக ஒப்பிடலாமா?

தாராளமாக. நல்ல பலமொழி மாடலில் இரண்டு மொழியும் ஒரே வெளியில்தான் வெக்டராகும், நடுவில் மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே மொழியில் இருப்பதாலேயே சில மாடல்களில் கொஞ்சம் மதிப்பெண் கூடும். தமிழ்-தமிழ் ஜோடிக்கும் தமிழ்-மலையாள ஜோடிக்கும் ஒரே எல்லைக்கோடு சரிப்படாது, தனித்தனியாக வையுங்கள். தமிழைத் தங்கிலீஷில் எழுதி அனுப்புகிறவர்களுக்கு மட்டும் நாங்கள் முதலில் தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொள்கிறோம், அதற்கு வந்த பலன் வேறு எதிலும் வரவில்லை.

ஒரே சொல்லை அப்படியே கொடுத்தும் 1 வரவில்லையே?

யூனிகோடைப் பாருங்கள். "கொ"வில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், தனித்தனி இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் "கொ"தான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது தீரும், பைத்தானில் ஒரு வரி வேலை. "ஔ" என்ற எழுத்துக்குப் பதிலாக "ஒ"வும் "ள"வும் அடிப்பவர்கள் நிறையப் பேர், அது என்எஃப்சியில் தீராது, தனியாகத் திருத்த வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் எதையும் தொடங்காதீர்கள்.

பெரிய கட்டுரைகளை ஒப்பிடலாமா?

பெர்ட் வகை மாடல்கள் பெரும்பாலும் 512 டோக்கனோடு நிறுத்திக்கொள்ளும், மீதியைப் பேசாமல் வெட்டிவிடும். டோக்கன் என்பது சொல் துண்டு, தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் பல துண்டாக உடைவதால் 512 சீக்கிரம் தீர்ந்துவிடும். பிஜிஇ எம்3 8,192 வரை வாங்கும். ஆனால் முழுக் கட்டுரையையும் ஒரே வெக்டரில் அடைத்தால் விவரமெல்லாம் கரைந்து தலைப்பு மட்டும்தான் மிஞ்சும். பத்தி பத்தியாகப் பிரித்து ஒப்பிடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் பசங்க பார்த்து எழுதியதைக் கண்டுபிடிக்க இதை வைக்கலாமா?

ஓர் ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். ஒரே பாடத்தைப் படித்து ஒரே கேள்விக்கு எழுதிய நாற்பது பதிலும் பொருளில் ஒத்துத்தான் இருக்கும், இருக்க வேண்டும். பொருள் ஒற்றுமை திருட்டுக்குச் சாட்சி ஆகாது. அந்த எண்ணைக் காட்டி ஒரு பிள்ளையை நிற்க வைப்பது அநியாயம்.

சாட் மாடலிடமே "ரெண்டும் ஒன்னா" என்று கேட்டுவிட்டால்?

கேட்கலாம், தொகை குறைவாக இருந்தால் அதுதான் பல சமயம் மேல். திறப்பு அடைப்பு, இல்லை, எண் வித்தியாசம் இதையெல்லாம் வெக்டரைவிட நன்றாகவே பிடிக்கிறது, காரணமும் எழுதச் சொல்லலாம். வெறுமனே "எவ்வளவு ஒற்றுமை" என்று கேட்காமல் உங்கள் விதியைச் சொல்லிக் கேளுங்கள், நாங்கள் "ஒரே பதில் இரண்டு பேருக்கும் பொருந்துமா" என்றே கேட்கிறோம். இரண்டு வாக்கியத்தையும் இடம் மாற்றி இன்னொரு தடவை கேளுங்கள், பதில் மாறினால் அந்த ஜோடியை மனிதரிடம் கொடுங்கள். ஆயிரக்கணக்கான பழைய கேள்விகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட இது கட்டுப்படியாகாது, முதலில் வெக்டர், கடைசியில் இது. அனுப்பும் முன் பெயரையும் போன் நம்பரையும் எடுத்துவிடுங்கள், அது அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தது.

சரி, எல்லைக்கோட்டை எப்படித்தான் போடுவது?

உங்கள் கேள்விகளிலிருந்தே சில நூறு ஜோடிகளை எடுங்கள். குத்துமதிப்பாக எடுத்தால் பெரும்பாலும் சம்பந்தமில்லாத ஜோடிகளாகவே வரும், எந்த மாடலும் அதில் நல்ல பெயர் வாங்கிவிடும். மாடல் உயர்ந்த மதிப்பெண் கொடுத்தவை, நடுவில் தடுமாறியவை இரண்டையும் பொறுக்குங்கள். இரண்டு பேர் ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் "ஒன்று", "வேறு" என்று எழுதட்டும். எங்களில் முதல் தடவை இரண்டு பேருக்கும் ஒத்துவராத ஜோடிகள் ஏராளம். உட்கார்ந்து பேசியபோதுதான் ஒருவர் நோயைப் பார்க்கிறார், இன்னொருவர் மருந்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தது, "ஒரே பதில்" விதியே அந்தச் சண்டையில் பிறந்ததுதான்.

பிறகு மாடலின் மதிப்பெண்ணையும் மனிதர்களின் முடிவையும் பக்கத்தில் வைத்துக் கோட்டை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். நீங்களும் 0 முதல் 5 வரை போட்டிருந்தால் ஸ்பியர்மேன் கணக்கு உதவும், இருவரின் வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும். கோட்டை எங்கே நிறுத்துவது என்பது எந்தத் தப்பு அதிக வலி தரும் என்பதைப் பொறுத்தது. எங்களுக்கு, ஒரே கேள்வியை வேறு என்று விட்டால் நிபுணருக்கு இரண்டு நிமிடம் போகும். வேறு கேள்வியை ஒன்று என்று சேர்த்தால் ஒருவர் மரத்துக்குத் தப்பு மருந்து போகும். அதனால் கோட்டை மேலேயே வைத்திருக்கிறோம்.

பெரிய கம்ப்யூட்டர் வேணுமா?

வேண்டாம். 768 எண்கள், எண்ணுக்கு 4 பைட், ஒரு வாக்கியத்துக்குச் சுமார் 3 கேபி. பத்தாயிரம் கேள்விக்கு 30 எம்பி. சாதாரண லேப்டாப் போதும். லட்சக்கணக்கில் போனால் ஃபைஸ் மாதிரி தேடல் நூலகம் வைத்துக்கொள்ளலாம்.

இப்பவும் மாடல் சொன்னதை அப்படியே அனுப்பறீங்களா?

இல்லை. பதிலுக்கு முன்னால் பழைய கேள்வியை அனுப்பி, "நீங்க கேட்கறது இதுதானுங்களா?" என்று கேட்கிறோம். "ஆமா" என்றால் பதில் போகும், "இல்லை" என்றால் நிபுணரிடம் போகும், இரண்டும் எங்கள் சோதனைத் தாளில் ஒரு புது ஜோடியாக ஏறும். போன வாரம் கூன்வண்டுக்கு வேர் வழியாக மருந்து கட்டுவது பற்றி ஓர் அம்மா கேட்டிருந்தார். மாடல் காட்டிய பழைய கேள்வி அச்சு அசலாக அதேதான், எங்களில் யார் பார்த்தாலும் 5 போட்டிருப்போம். அனுப்பினோம். "அதேதான் கண்ணு, ஆனா நம்மது கள்ளு எறக்கற மரம்" என்று திருப்பி எழுதினார். அந்த ஜோடி இப்போது தாளில் "வேறு" என்று இருக்கிறது.